பேரு ஓடி முடியட்டும்

லைட்டை மட்டும் இப்பப் போடாதீங்கம்மா. நீங்க பாட்டுக்குப் பெருக்குங்க, நான் காலைத் தூக்கிக்கிறேன். படம் முடிஞ்சிருச்சுதான், இல்லேங்கல. பேரு ஓடுது பாருங்க, அது முடியட்டும். ஒரு நாலு நிமிசம்.

இல்லல்ல, கடைசியில சீன் எதுவும் ஒளிச்சு வைக்கல. எனக்குத் தெரியும், நான் இந்தக் கார்ட்டூன் படத்துல வரையுற வேலை பாத்தவன். மூணரை வருசம். ஆமா, ஆர்தர் ராஜா கதையேதான். தும்முற டிராகனா? உங்க பேரனுக்கு அதான் பிடிச்சுதா? அது நான் வரையல, அதெல்லாம் பெரிய கைங்களுக்கு.

முதல் சீன் பாத்திருக்கீங்களா? மந்திரவாதி பச்சப்புள்ளையைத் துணியில சுத்தி மழையில தூக்கிட்டுப் போவாரு, அம்மாக்காரி படிக்கட்டுல நிப்பா. அந்த நாப்பது செகண்டு என்னோடது. எங்க சூப்பர்வைசர் ரெண்டு தடவை திருப்பி அனுப்புனாரு. ஏம்பா, மந்திரவாதி ரொட்டியையா தூக்கிட்டுப் போறாரு, உள்ள புள்ளை இருக்கிற கனமே இல்லையேன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான். அப்ப எனக்குக் கனம் தெரியாதுல்ல. அஞ்சு பவுண்டு இருந்தாக்கூட முழங்கையை இந்த இடத்துல இழுக்கும். மூணாவது தடவை வரைஞ்சதுல ஒரு கோடுகூட மாத்தச் சொல்லல அவரு.

எங்காளுங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. படம் எடுக்கிற காலத்துல வேலைக்காரங்க வீட்டுல பொறக்குற புள்ளைங்க பேரையெல்லாம் கடைசியில போடுவோம். அதுங்க என்ன வேலை பாத்துச்சுன்னா என்னத்தச் சொல்ல! சும்மா ஒரு ஆசை. சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதுல போய் எழுதணும். நான் ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஓடிப்போய் எழுதிட்டேன், என் சம்சாரம் மார்னி கண்ணு முழிக்கிறதுக்குள்ள. பேரை அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்படித் திட்டுனா. திட்டிட்டு அதே பேரைத்தான் வச்சா.

அவளா? கீழ கார்ல இருக்கா. பாப்கார்ன் வாசம் ஒத்துக்கலங்கிறா, சும்மா சொல்றா. நீ போய்ப் பாரு, பேரு இருந்தா நான் அடுத்த ஆட்டத்துக்கு வரேன், இல்லேன்னா வீட்டுக்குப் போயிரலாம்னா.

இருங்க. வந்திருச்சு.

டெஸ்ஸி. அந்தா, ஏழாவது. பிழையில்லாமப் போட்டிருக்காங்க. போயிருச்சு பாருங்க, அவ்வளவுதான். அழுகை வரும்னு நெனச்சேன். ஒண்ணும் வரல.

உங்க பேரு டொலோரஸா? சட்டையில போட்டிருக்கே. நாலரை மணி ஆட்டத்துக்கும் நீங்கதான பெருக்க வருவீங்க? அப்பவும் லைட்டைப் போட்டுராதீங்கம்மா. மார்னி இதே வரிசையிலதான் உக்காருவா.

புள்ளையையா? இல்ல, கூட்டிட்டு வரல. பதினோரு நாள்தான் இருந்தா. ஆபீசுலகூடக் கேட்டாங்க, பேரை எடுத்துரவான்னு. பொறந்திருந்தாப் போதும்னுதான ரூலு, எத்தனை நாளுன்னு இல்லையேன்னேன்.

சரி, எந்திரிக்கிறேன். இந்த சீட்டுக்கு அடியில இன்னும் பெருக்கல நீங்க.