மின்னல் விழுங்கிய எச்சரிக்கை

அவையை நடத்தும் தலைவர் உடையப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு வந்தமர்ந்த தாய்மாரே, தம்பிமாரே! கோப்பெங் ஆற்றங்கரைக் குடியிருப்பாளர் சங்கத்தின் செயலாளன் பத்துமலை, தலை தாழ்த்தி வணங்குகிறேன். இந்தத் தலை பணிவால் தாழவில்லை, வெட்கத்தால் தாழ்ந்திருக்கிறது.

யாருக்கு இந்த விழா? பொறியாளர் புனிதவதி அவர்களுக்கு. மேலாற்றில் தண்ணீர் ஏறினால் ரேடியோ வழியே செய்தி வந்து, நம் பழைய தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சைரன் ஊத வேண்டும். அந்தக் கருவியை நிறுவியவர் அவர். எண்பத்து நான்காம் ஆண்டு அடைமழையில் அது ஊதியதா? ஊதவில்லை. சோறு வெந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. இடுப்பளவு நீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மறுநாள் அவர் தனியாக வந்து நம் முன் நின்றார். "என் கருவிதான் தவறிப்போச்சு, மன்னிச்சிருங்க" என்றார். மன்னித்தோமா?

"செட்டியார் வீட்டுப் பொண்ணு நீ. எங்க அடுப்புல தண்ணி புகுந்தா உனக்கு என்னலா?" என்றார் ராக்காயி அக்கா. இன்னொருவர் பொறியாளரின் புடவையில் சேற்றை வாரி வீசினார். யார் என்று கேட்கிறீர்களா தம்பி? வேண்டாம். தடுக்காமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

பொறியாளர் சொன்னது ஒன்றுதான்: "என்னைத் திட்டுங்கக்கா. மெஷினை மட்டும் கழட்டிடாதீங்க."

போனவர் சும்மா இருந்தாரா? பிழை எங்கே என்று தேடினார். அன்று வெட்டிய மின்னல்தான் செய்தியைக் கெடுத்தது என்று கண்டார். கருவி அனுப்பும் ஒவ்வொரு சொல்லும் சில குறிகளால் ஆனது. ஒரு சொல்லில் ஒரு குறி கெட்டால், மற்ற குறிகளைக் கொண்டு அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் மின்னல் அங்கொன்று இங்கொன்றாகவா கெடுக்கும்? ஒன்று கெட்டால் அடுத்ததும் கெடும். அடுத்தடுத்த குறிகள் அழிந்து முழுச் சொல்லே போகும்.

என்ன செய்தார்? சொற்களை வரிசை வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். எல்லாச் சொற்களின் முதற்குறிகளையும் முதலில் அனுப்பினார், பிறகு இரண்டாம் குறிகளை, இப்படியே கடைசிவரை. சைரன் பக்கம் வந்ததும் அவை பழைய வரிசைக்கே திரும்பும். இப்போது மின்னல் அடித்தால், ஒவ்வொரு சொல்லும் ஒரு குறியை மட்டுமே இழக்கும். இழந்ததை மீட்டுவிடலாம். செய்தி சற்றுத் தாமதிக்கும். ஆனால் சிதையாமல் சேரும்.

இந்த ஆண்டு இடி இடித்தது, மின்னல் வெட்டியது, சைரனும் ஊதியது! வெள்ளம் வருமுன்னே மேட்டுக்குப் போய்விட்டோம். உயிர் பிழைத்த நாம் ஓடிப்போய் நன்றி சொன்னோமா? ஒருவரும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இந்த விழாவுக்கு அழைக்க நான் போனபோது, "மேடையெல்லாம் வேணாம் அண்ணே. முதல்லயே சரியா செஞ்சிருக்கணும், எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு" என்றார்.

அன்பர்களே, அவர் வெட்கத்தோடு வேலைக்குத் திரும்பினார். நாமோ வெட்கத்தை மறைத்து வீட்டுக்குத் திரும்பினோம். மாலை போடுவது பிறகு ஆகட்டும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்.

அம்மா புனிதவதி, எங்களை மன்னியுங்கள். வேண்டாமென்று சொல்லியும் வந்ததற்கு நன்றி. வணக்கம்.