மதில் ஏறாது என்று நான் சொன்ன உடும்பு

பெயர்: காந்திமதி, வயது 36, க/பெ. தசரதன் (காலமாகிவிட்டார்). முகவரி: பம்பு செட் கம்பெனியின் பின்மதிலை ஒட்டிய தெரு, ஒரகடம் அஞ்சல். தொழில்: மேற்படி கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குவது. 18.9.1991 அன்று காவல் நிலையத்தில் ஆய்வாளர் முன்னிலையில், ஏட்டு சுப்பராயன் எழுத, நான் சொல்வதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் தம்பி கண்ணப்பனுடன் குடியிருந்து வருகிறேன். அவன் அதே கம்பெனியில் ஹெல்பர். சித்திரை மாதம் கம்பெனிக்குப் புது ஷெட் போட முள்காட்டை புல்டோசர் விட்டுத் தள்ளியபோது, புற்று இடிந்த இடத்தில் கிடந்தது என்று ஒரு உடும்புக் குட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு சாண்கூட இல்லை. பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. "இன்னாடா, இத்தப் போயி வூட்டுக்குள்ள கொண்டாந்துகீற?" என்று கத்தினேன். "நடக்க முடியலக்கா, வுட்டா நாய் தின்னுரும்" என்றான். எங்கள் தெருவில் உடும்பைக் கண்டால் உடனே சட்டியை அடுப்பில் வைப்பவர்கள்தான் அதிகம். அதனால் மரப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் மறைத்து வளர்த்தோம்.

அதன் பிறகு கால் இன்னும் மோசமாகிக் கோணிக்கொண்டதால், தம்பி ஓ.டி.யை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனான். உடும்புக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமில்லை என்று சொன்னாலும் அவர் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சத்துக் குறைவாக இருக்கலாம், வெயில் காட்டுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துக் கொடுங்கள் என்றார். கேன்டீனில் முட்டை ஓட்டுக்குப் பஞ்சமா? பொடித்து, கரப்பான் பூச்சியில் தடவி ஊட்டினேன். கரப்பானைக் கண்டாலே எனக்குக் குமட்டும், ஆனாலும் ஊட்டினேன். தம்பி என் பழைய ஜாக்கெட்டைக் கிழித்து அதன் இடுப்பில் பட்டையாகச் சுற்றி, அதில் சணல் கயிறு கட்டி, இடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி கொல்லையில் நடக்கப் பழக்கினான். அந்தச் சணல், கம்பெனியில் பேக்கிங் பிரித்துக் குப்பையில் போடுவது. எங்கள் தெருவில் துணி காயும் கொடி பூராவும் அதுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மேற்படி கம்பெனி கிடங்கில் காப்பர் கம்பிச் சுருள்கள் களவு போயின. மறுநாள் வீடு வீடாகச் சோதனை போட்டு வந்த ஏட்டு சுப்பராயன், இடுப்பில் கயிறு கட்டிய உடும்பைப் பார்த்துவிட்டு, "திருடனுங்க உடும்பக் கட்டித்தான் மதில் ஏறுவானுங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லித் தம்பியை இழுத்துப் போனார். "சார், இது எந்தம்பியத் தூக்குமா? அவன்தான் இத்தத் தூக்கிகினு திரியறான்" என்றேன். இதை எழுதமாட்டேன் என்று ஏட்டு சொன்னார். ஆய்வாளர் எழுதச் சொன்னதால் எழுதியிருக்கிறார்.

இன்று காலை உடும்பைப் பெட்டியோடு நிலையத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குக் கால் விளங்காது, சுவர் ஏறாது என்று நான் சத்தியம் செய்தேன். "அப்போ சுவத்துல வுட்டுப் பாத்துரலாம். வுழுந்துச்சின்னா உந்தம்பிய இப்பவே கூட்டிகினு போ" என்று ஆய்வாளர் சொன்னார். லாக்கப்புக்குள் தம்பி சட்டையில்லாமல் நின்றிருந்தான். "வேணாங்கா, வுழுந்தா காலு போயிரும்" என்றான். எனக்கு ஆத்திரம் வந்து, "வாய மூட்றா, உன் கதி இன்னான்னு தெரியுதா ஒனக்கு?" என்று திட்டினேன்.

அதன் பிறகு நானே அதை எடுத்து, லாக்கப்புக்கு எதிர்ச் சுவரில் தலை உயரத்தில் வைத்து, ஒரு கையால் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு, மற்ற கையை எடுத்தேன். விழ வேண்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொண்டேன். அது விழவில்லை. முதலில் முன்னங்கால் பிடித்தது. பிறகு பின்னங்கால் இரண்டும் நகத்தை ஊன்றிப் பிடித்தன. அதுவரை ஒருநாளும் அது அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. சணல் தொங்கத் தொங்க விட்டம் வரை ஏறிவிட்டது.

ஏட்டு ஆய்வாளரைப் பார்த்தார். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்து, "அக்கா, ஏறுதுக்கா! காலு வந்துருச்சிக்கா!" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். பாவி, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கால் விளங்காது என்று நான் சொன்னது பொய்யில்லை, நேற்று வரை விளங்கவில்லை. காப்பர் கம்பியை என் தம்பி எடுக்கவில்லை. உடும்பை வனத்துறைக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். அனுப்பும் முன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட வேண்டும், துணியைச் சாட்சிப் பொருளாக இவர்களே வைத்துக்கொள்ளட்டும். திருடியவன் என்றால், அது ஏறியதைப் பார்த்து இவன் அப்படிக் குதித்திருப்பானா? அவன் சிரித்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டு படித்துக் காட்டக் கேட்டேன். என் வாயால் வந்ததுதான் இதில் இருக்கிறது, அத்தனையும் நிஜம், ஒருவரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்) காந்திமதி