நான் வைத்த ஈயம் விடாது

யாராவது ஒடிந்த குடையைக் குப்பையில் போட்டால் எனக்கு மனம் கேட்காது, ஐயா. குடைக்கம்பியின் நுனியைச் சூடுகாட்டி வளைத்தால் போதும், வீடியோ கேம் மெஷினின் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அலுங்காமல் எடுக்க அதைவிட நல்ல கொக்கி கிடையாது. பல் டாக்டர் கழித்துப்போட்ட குட்டிக் கண்ணாடி, சைக்கிள் கம்பியை அராவிச் செய்த ஊசி, டூத் பிரஷ்ஷைப் பிடியாகப் போட்ட சுரண்டி என்று என் பெட்டியில் நாற்பத்தொரு கருவிகள். கல்யாணம் ஆகாத ஒருவன் இவற்றைத் துணியில் சுற்றிப் படுக்கவைப்பான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிரித்தாலும் தப்பில்லை.

அக்காவின் கணவரும் நானும் வீடியோ கேம் மெஷின் ரிப்பேர் செய்யும் ஒரே பட்டறை. அத்தான் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். ஆனால் அவருக்கு எல்லாமே பொது. என் கொக்கியால் காது குடைவார். என் ஊசியால் பல் குத்துவார். எடுத்தது நுனி வளைந்து திரும்பி வரும், இல்லையென்றால் வரவே வராது. கேட்டால், "கம்பிதானேடா, இன்னொண்ணு பண்ணிக்கோ" என்பார்.

அதையும் பொறுத்தேன். ஒரு நாள் முதலாளி அத்தான் கையிலிருந்த என் கொக்கியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க கையில ஏதோ வித்தை இருக்குய்யா" என்றார். என்னிடம் அல்ல, அத்தானிடம். அத்தான் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார், மறுக்கவில்லை. அந்த மாதமே அவர் தலைமை மெக்கானிக் ஆனார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

பழைய மெஷினில் கண்ணாடிப் பிக்சர் டியூப் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். கைவைக்குமுன் வடித்துவிட வேண்டும். அதற்கு ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் கழுத்தில் ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்போம். ஒயரின் மறுமுனையை இரும்புச் சட்டத்தில் கவ்வவிட்டு நுனியால் டியூபைத் தொட்டால் 'டிக்' என்று சத்தம் வரும். வடிந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் குச்சி என்போம். பட்டறைக்கு ஒரே குச்சி, அதுவும் நான் செய்தது.

அதேபோல இன்னொன்று செய்தேன். ஒயரின் உறைக்குள் செம்புக் கம்பியை மட்டும் அறுத்துவிட்டு, வெளியே தெரியாதபடி மூடினேன். ஐந்து மாலைப்பொழுது பிடித்தது. நல்ல குச்சியை வீட்டில் வைத்துவிட்டு, இதைப் பெட்டியில் போட்டேன். மேலே 'தொடாதே' என்று ஒரு சீட்டும் ஒட்டினேன். அத்தானை அழைக்க அதைவிட நல்ல பத்திரிகை அச்சடிக்க முடியாது. கேட்காமல் எடுக்கக் கூடாது என்று ஒரு பாடம், அவ்வளவுதான். அந்த அதிர்ச்சி ஆளைக் கொல்லாது, தூக்கித்தான் போடும்.

செவ்வாய்க்கிழமை காலை அத்தான் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குச்சியோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். சத்தம் வந்ததா என்று கவனிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். 'டிக்' வரவில்லை. சொல்லியிருக்கலாம், வாயில் இரண்டு திருகாணி வைத்திருந்தேன்.

அவர் பின்பக்கமாக விழுந்தார். பட்டறையின் இரும்பு மேசை மூலை பிடரியில் பட்டது.

அத்தான் செத்த அன்று உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்த ஆள் குச்சியில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, 'கவனக்குறைவாகச் செய்த கருவி, பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது' என்று எழுதினார். உடனே முதலாளி, "அது இவன் செஞ்சதுங்க" என்று என்னைக் கைகாட்டினார். பார்த்தீர்களா, நன்றாக இருந்தவரை எல்லாம் அத்தான் செய்தவை. கெட்டுப்போனதும் அப்பன் பெயர் ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. இரண்டு வாரம் கழித்து என் தலையைத் தடவி, "விடுடா தம்பி. உனக்கு வேலை சரியா வரலேன்னா நீ என்ன பண்ணுவே" என்றாள். வீட்டுக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தானுக்காக அழவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தீப்பெட்டி நமுத்துப்போனது என்று சொன்னால் எப்படிப் பொறுப்பேன்? அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். ஒயரை உரித்துப் பாருங்கள். செம்பு ஒடிந்திருக்காது, நேர்கோடாக அறுபட்டிருக்கும். ஈயம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும், வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள். அந்த இரும்பு மேசை எப்போதும் ஜன்னலோரம் நிற்பது. அன்று காலை அதை அவர் ஸ்டூலுக்குப் பின்னால் நகர்த்தியது நான்தான். டேப் வைத்து அளந்துதான் போட்டேன்.

கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அக்கா படிப்பாள்.