அண்ணன் கண்ணாடி துடைச்ச இடம்

அந்த மணியை விட்டுருங்க சார். நீங்களும் அமுக்கினீங்க, நானும் அமுக்கினேன், மெக்கானிக் வர்றாரு, பொறுமையா இருங்கன்னு ஸ்பீக்கர்ல ஒருத்தர் சொல்லியும் ஆச்சு. இன்னும் அமுக்கினா லிஃப்ட் என்ன வெக்கப்பட்டுக்கிட்டு நகரவா போகுது? இப்படிக் கீழ உக்காருங்க. ரெண்டு பேரும் கால் நீட்ட எடம் பத்தாதுதான், மடக்கிக்கலாம். நின்னுக்கிட்டே இருந்தா மூச்சு முட்டற மாதிரி இருக்கும். மூக்கால இழுத்து, வாயால மெள்ள விடுங்க. ஆங், அப்படித்தான். எனக்கு அடைச்ச எடம் பழக்கம், அதான் சொல்றேன்.

என்னது, கச்சேரியா? நடக்கும், நடக்கும். சொன்ன நேரத்துக்கு என்னைக்கு ஆரம்பிச்சிருக்காங்க? உங்க சட்டையைப் பாத்ததுமே நெனச்சேன், கீழ அரங்கத்துக்குத்தான் போறீங்கன்னு. பேண்டுல அஞ்சு பேரும் வரிசையா நிக்கற பழைய படம். தொவைச்சுத் தொவைச்சு ட்ரம்ஸ்காரர் மூஞ்சியே அழிஞ்சுபோச்சு பாருங்க. நல்ல வேளை, பாடற அண்ணன் மூஞ்சி தப்பிச்சுது. ஆமா, நாங்களும் அண்ணன்னுதான் சொல்லுவோம். அவருக்கு எழுபதாகப் போகுது. எங்க வீட்டுப் பொண்ணு காலேஜ் படிக்கிறா, அவளுக்கும் அண்ணன்தான். ஊருக்கே அண்ணன், அந்த மனுஷன் யாருக்கும் தாத்தா ஆக மாட்டாரு.

ரசிகனாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. பள்ளிக்கூடத்துல பிடிச்ச பைத்தியம் சார், இன்னும் தெளியல. எனக்குத் தொழில் தரைக்குப் போடற டைல்ஸ் விக்கறது. ஆனா சனி, ஞாயிறுல ஒரு ஹோட்டல்ல அண்ணன் பாட்டாப் பாடிட்டிருந்தேன். அவரை மாதிரியே கழுத்தைச் சாய்ச்சு, ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு. சாப்பிட வந்தவங்க கரண்டியைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாப்பாங்க. இப்பப் பாடறதில்ல. இல்லல்ல, தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. விட்டுட்டேன். அதை விடுங்க.

புது வீடியோ பாத்தீங்களா? போன கச்சேரியை எடுத்துப் போட்டாங்களே, அது. பாத்துட்டுமா டிக்கெட் எடுத்தீங்க? பெரிய மனசு சார் உங்களுக்கு.

அந்தக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். அரங்கத்துக்குள்ளதான் இருந்தேன். ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. தூணா? ம்ம், தூண்னே வச்சுக்குங்களேன். காது நெறையக் கேட்டுச்சு, அண்ணன் நிழலைக்கூடப் பாக்க முடியல. இத்தனை வருஷமா உசுரை விட்டுட்டு, ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் பாக்கலைன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. அதனால வீடியோ வரட்டும், வீடியோ வரட்டும்னு பிள்ளைத்தாச்சி நாள் எண்ணற மாதிரி காத்துக் கெடந்தேன். வந்த அன்னைக்குக் கடையைச் சாத்திட்டு ஓடினேன். பொண்டாட்டி, பொண்ணு, மச்சான் எல்லாரையும் சோபாவுல உக்கார வச்சு, ஃபேன் சத்தம் போடுதுன்னு அதையும் நிறுத்திட்டுப் போட்டேன்.

கிடார்காரர் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரே, அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. முட்டி வலி யாருக்கு இல்ல? ட்ரம்ஸ் கொஞ்சம் தூங்கி வழிஞ்சுது, அதுவும் போகட்டும். வயசாச்சேன்னு அவங்களைத் திட்டற அளவுக்கு நான் கிறுக்கன் இல்ல. இந்தக் காமெராக்காரன் இருக்கானே, அவன் மேலதான் முதல்ல ஆத்திரம் வந்துச்சு. பாட்டு மேல ஏறுற எடம் வந்தாப் போதும், டக்குன்னு கூட்டத்தைக் காட்டறான். யாரோ ஒரு அம்மா அழுவுது, யாரோ போனைத் தூக்கிப் பிடிக்கறான். அண்ணனைக் காட்டுடான்னு டிவியைப் பாத்துக் கத்தறேன். எம் பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து குடுத்து, குடிச்சுட்டுப் பேசாம பாருங்கங்கறா.

அப்புறம் ‘ரெண்டாம் ஷிப்ட்’ பாட்டு வந்துச்சு. ஆமா, அந்தப் பாட்டுதான், கடைசியில அந்த இழுப்பு வருமே. இந்த ஒரு எடத்துல மட்டும் காமெரா அண்ணன் மேலயே நின்னுடுச்சு. அவனுக்குக் கை மறந்துச்சோ, கண் அசந்தானோ. இழுப்பு ஆரம்பிக்குது, சத்தம் ஏறுது, ஏறுது, அண்ணன் என்ன பண்றாரு? மைக்கை இடுப்புக்கு எறக்கிட்டு, கண்ணாடியைக் கழட்டி, சட்டை நுனியில துடைக்கிறாரு சார். ஊதி ஊதித் துடைக்கிறாரு! சத்தம் அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. துடைச்சு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, சுத்தமாச்சான்னு வேற பாக்கறாரு.

மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கறான். மாமா, உங்க அண்ணன் மூக்கால பாடறாரா, காதால பாடறாரான்னு கேக்கறான். பொண்ணு போன்ல தட்டிப் பாத்துட்டு, அப்பா, எல்லாரும் கழுவிக் கழுவி ஊத்தறாங்கப்பா, பழைய ரெக்கார்டைப் போட்டு ஏமாத்திட்டாங்களாம்ங்கறா. இதுக்கா இத்தனை நாள் குதிச்சீங்கன்னுட்டு எம் பொண்டாட்டி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அழுகை வந்துச்சு, சொன்னா என்ன. வாயசைக்கறதுக்கு என்ன சார், காசா பணமா? பாட வேணாம், கத்த வேணாம், சும்மா தொறந்து வச்சுக்கிட்டு நிக்கலாமில்ல? அவ்வளவு கூடவா அந்தப் பாட்டுக்கு மரியாதை இல்ல?

இருங்க, இருங்க. என்ன சொன்னீங்க? நீங்களும் ரெக்கார்டுங்கறீங்களா?

இல்ல சார். யாரு வேணா சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. இவ்வளவு பழைய சட்டை போட்டிருக்கீங்க, உங்களுக்குமா காது இல்ல? ரெக்கார்டுல அண்ணன் அந்த இழுப்புக்கு நடுவுல ஒரு மூச்சு எடுப்பாரு. சின்ன மூச்சுதான், கேக்கும். வீடியோவுல அது இருக்கா? இல்ல! ஒரே மூச்சு. அண்ணனே எளவயசுல செய்யாததை அந்தக் கொரல் செஞ்சிருக்கு. அப்புறம் முடியற எடத்துல ஒரு பிசிறு வருமே, தொண்டையில நூல் மாட்டின மாதிரி, கவனிச்சீங்களா? ரெக்கார்டுல ஏது பிசிறு? ரெக்கார்டாம் ரெக்கார்டு. ஒரு மனுஷன் நரம்பு தெறிக்கப் பாடியிருக்கான், அதைப் போயி மிஷினுங்கறாங்க.

கோவப்படல சார். கோவப்பட்டுட்டேனா? மன்னிச்சுக்குங்க. இந்த எடத்துல காத்து வேற இல்ல.

எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றேனா? அந்தப் பிசிறு தூசியால வந்தது. எனக்குத் தெரியும். எவ்வளவு தூசின்னும் தெரியும். எவ்வளவோ அடக்கினேன், கடைசியில தொண்டையில போய் ஒட்டிக்கிச்சு.

அப்படிப் பாக்காதீங்க சார். ஆமா, நான்தான்.

மேடைக்குக் கீழ கறுப்புத் துணி கட்டி ஒரு பொட்டி மாதிரி எடம் வச்சிருக்காங்க. ஒரு நாற்காலி, ஒரு மைக், காதுல மாட்டிக்க ஒண்ணு. நிமிந்தா தலை இடிக்கும். எறங்கின எடமெல்லாம் அண்ணனே பாடுவாரு, இன்னமும் அருமையாத்தான் பாடுவாரு. ஏறுற எடத்துக்கு நான். ரெக்கார்டு போட்டா சரிப்படாது சார். அவரு நினைச்ச எடத்துல நிறுத்துவாரு, கூட்டத்தோட பேசுவாரு, ஒரே வரியை நாலு தடவை பாடுவாரு. கூடவே ஓட ஆளு வேணும். குதிகாலால பலகையில ஒரு தட்டுத் தட்டினா நான் ஆரம்பிக்கணும். வீடியோவுல பாத்திருப்பீங்களே, தாளம் போடறாருன்னு நினைச்சிருப்பீங்க. அன்னைக்குக் கொஞ்சம் பலமாத் தட்டிட்டாரு. பலகை இடுக்குல இருந்த தூசியெல்லாம் நேரா என் மேல.

அந்த ஹோட்டலுக்கு அவங்க ஆளுதான் ஒருத்தர் சாப்பிட வந்து நான் பாடறதைக் கேட்டிருக்காரு. கூட்டிட்டுப் போனாங்க. அண்ணன் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன். பாடிக் காட்டினேன். அவரு எந்திரிச்சு வந்தாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தம்பி, நீ வரலைன்னா நான் இதோட வீட்ல உக்காந்துருவேன்னாரு. அதுக்கப்புறம் மாட்டேன்னு எவன் சார் சொல்லுவான்? யார்கிட்டயும் இதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னாங்க, சரின்னேன். வெளியில எங்கயும் பாடக் கூடாது, குரல் காட்டிக் குடுத்துரும்னாங்க, அதுக்கும் சரின்னேன். அப்பத் தெரியல. பொண்ணு பொறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் பாடுங்கப்பான்னு கெஞ்சறா, தொண்டை சரியில்லைம்மான்னு பொய் சொல்றேன். வீட்ல நான் ஸ்பீக்கர் தூக்கற வேலைக்குப் போறதா நினைச்சுட்டிருக்காங்க. வாயை வச்சுத்தான் சார் நான் மனுஷன்னு நடமாடினேன். அதையும் பொட்டிக்குள்ள வச்சுட்டு வந்தாச்சு.

அதைவிடக் கொடுமை இதுதான். குளியலறையில, மொட்டை மாடியில, வண்டி ஓட்டறப்பன்னு என் குரலை எம் பொண்டாட்டி கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டவ. அன்னைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அந்த இழுப்பு முழுசும் கேட்டா. அவளுக்கே தெரியல சார். ரெக்கார்டுன்னதும் தலையாட்டிட்டு எந்திரிச்சுப் போறா. நான்தான்டின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

இப்ப மாடிக்கு ஏன் போனேன்னா, யோசிக்கத்தான். போகக் கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருக்காங்க. இன்னைக்கு அந்த எடம் வர்றப்ப, அவரு குதிகால் தட்டறப்ப, பாடாம வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டா என்னன்னு தோணுச்சு. துடைக்கட்டுமே கண்ணாடியை, சத்தமில்லாம துடைக்கட்டும், ஊரே பாக்கட்டும். நெனைக்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த மூஞ்சி ஞாபகம் வருது, என் கையைப் பிடிச்ச அந்தக் கை ஞாபகம் வருது. அவரை அப்படி நடுமேடையில நிக்க விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட எந்தப் பாட்டைப் பாடறது? மென்னு முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அப்படியே லிஃப்டுல ஏறினேன், இதுவும் என்னை உள்ள போட்டுப் பூட்டிக்கிச்சு.

ஐயோ, அழாதீங்க சார். சொன்னது என் தப்பு. யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல? தெரியும், அந்தச் சட்டையைப் போட்டவங்க சொல்ல மாட்டாங்க.

ஆங், அசையுது பாருங்க. கையைப் பிடிச்சுக்குங்க, எந்திரிங்க. நேரத்தைப் பாத்துப் பதறாதீங்க. நான் போய்ச் சேராம அண்ணன் மேடை ஏற மாட்டாரு.

எந்த வரிசை உங்களுக்கு? மூணாவதா? அப்ப மூஞ்சி நல்லாத் தெரியும். எனக்கு ஒரு உதவி பண்றீங்களா? பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டாம் ஷிப்ட் கடைசியில நீங்க வேற எதையும் பாக்காதீங்க, அவரு வாயை மட்டும் பாருங்க. தொறந்தாருன்னா, சும்மா லேசாத் தொறந்தாலும் போதும், ஒரு கொரல் குடுங்க. எனக்குக் கீழ கேக்கும். அண்ணான்னு கத்தாதீங்க, அங்க அத்தனை பேரும் அதைத்தான் கத்துவாங்க. நீங்க தம்பின்னு கத்துங்க. அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவாரு. என் பேரை அவரு இன்னும் கேக்கல.

உங்க தளம் வந்துருச்சு, எறங்குங்க. நான் இன்னும் கீழ போகணும்.