எல்ஸ்பெத்துக்குப் போட்ட தடை

...நான் சாமான் வாங்க வேணாம்னா வீட்டுக்குள்ள சொல்லணும்ங்க. அத விட்டுட்டு கிர்க்கால்டி சந்தை நடுவுல கோர்ட்டு சேவகன நிறுத்தி, தொண்டை கிழியக் கத்தச் சொல்லுவாங்களா? 'தையக்காரர் நினியன் பொஞ்சாதி எல்ஸ்பெத், இனிமே புருஷன் பேர்ல எதையும் வாங்கக் கூடாது. குடுத்தா அவரு பொறுப்பில்ல.' நான் மீன் கூடையும் கையுமா அங்கதான் நிக்கறேன். சந்தையே திரும்பிப் பாக்குது.

கொஞ்சம் இப்படி நகந்து உக்காருங்க ஐயா, படகுக்குள்ள அலை தெறிக்குது. ஆங்... வீட்டுச் சாமான்னா பொஞ்சாதிதான புருஷனோட ஆளு, நம்ம சட்டமே அதான? அவ எத வாங்குனாலும் அவரே வாங்குனாப்ல. நான் அப்படி என்னத்த வாங்கிட்டேன்... ஒரு இறகு மெத்தை. அதுவும் அவரு முதுகு வலிக்கு. அதுல படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டே எனக்குத் தடை வாங்க யோசிச்சிருக்காரு பாருங்க.

எல்லாம் அந்த வக்கீல் குடுத்த யோசனை. வக்கீல நம்ம ஊர்ப் பேச்சுல 'செய்றவர்'ங்கறோம். அவரு என்னத்த செஞ்சாரு? பேசுனாரு, அவ்வளவுதான்.

சரின்னு நானும் கையக் கட்டிக்கிட்டேன். 'எல்ஸ்பெத், மாவு தீந்துபோச்சு'ம்பாரு. 'நான் உங்க ஆளு இல்லியே'ம்பேன். அவரே போனாரு. புழு வச்ச ஓட்ஸ் மாவ தலையில கட்டிட்டாங்க. மீன்காரி, பூனை மோந்து பாத்துட்டு விட்ட ஹெர்ரிங் மீன குடுத்து அனுப்பிட்டா. மெழுகுவத்தி வாங்கப் போய்க் கரியோட வந்தாரு. அவரு தெருத் தெருவா அலைய, கடையில பாதிரியாரோட கால்சட்டை ஒத்தக் காலோட தொங்குது. பாவம் பாதிரியாரு, கிழிஞ்ச பழசப் போட்டுக்கிட்டுப் பிரசங்கம் பண்றாரு, திரும்பி நிக்கவே மாட்டேங்கறாரு.

கடைசில, 'தடைய நீக்கிடலாம்டி, எடின்பரோ கோர்ட்டுக்குப் போகணும்'னாரு. போங்களேன்னேன். படகுல ஏறுனா வாந்தி வருமாம். வக்கீல் வேற ஊர்ல இல்ல. 'எனக்குப் பதிலா நீயே போயிட்டு வா'ன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு.

கேட்டீங்களா? நான் அவரோட ஆளு இல்லங்கற உத்தரவ நீக்க, அவரோட ஆளாப் போறது நானு.

போவேன். போகாம என்ன? ஆனா இந்தப் படகு போய்ச் சேர்ற லீத்துல என் தங்கச்சி இருக்கா, பிள்ளைபெத்து ரெண்டு வாரந்தான் ஆகுது. கொஞ்ச நாள் கூட இருந்துட்டுத்தான் கோர்ட்டுப் பக்கம். அதுவரைக்கும் அவருக்கு அவரே ஆளா இருக்கட்டும்.

என்ன ஐயா, எந்திரிச்சிட்டீங்க? கரைக்கு இன்னும் தூரம் இருக்கே, என் கதையும் இருக்கே... அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிங்கதான இருக்கு, அங்க எதுக்குப் போறீங்க?