முட்டிக்குக் கீழ ஒத்தத் தையலு

ஆமா, நான்தான் அப்டித் தச்சேன். தெரிஞ்சேதான் தச்சேன். வாசல்ல நின்னுக்கினு கத்தாத அருணா, சிப்காட்டு கேட் வரிக்கும் கேக்கும். உள்ள வா. அந்தத் துணி மூட்டையத் தள்ளிட்டு உக்காரு. எங்க, காட்டு. ம்ம். முட்டியிலேந்து கீழ, உள்பக்கத் தையலு. உன் ஊட்டுக்காரரு பைக்குல கால் தூக்கிப் போட சொல்லோ பிரிஞ்சிச்சா? ரோட்டுல எல்லாரும் பாத்தாங்களா? பாக்கட்டும் வுடு, காலுதானே தெரிஞ்சிது.

கிண்டல் இல்லம்மா. தச்சிக் குடுத்துடறேன், இப்பவே. ஆனா இதே மாரிதான் தச்சிக் குடுப்பேன். அத்தச் சொல்லிடறேன்.

யாரு சொன்னா உனக்கு, ஜபீன் அக்கா தச்ச ஜீன்ஸு யானை கட்டி இழுத்தாலும் கிழியாதுன்னு? ராஜமாணிக்கம் சம்சாரமா? அது சுனாமிக்கு மின்ன தச்சது. நாலு வருசம் ஆவுது. அந்தப் பேண்டு இன்னமும் அவருகிட்ட கெடக்கும், எனக்குத் தெரியும். நான் போயி ரெண்டு வாட்டி கேட்டேன், பிரிச்சித் தச்சித் தரேன்னு. குடுக்க மாட்டேன்ட்டாரு.

மேல பாரு நீ. இடுப்புப் பட்டி, பாக்கெட்டு ஓரம், அடித் தையலு. இழு. இன்னும் நல்லா இழு. முடியாது உன்னால. எனக்குத் தைக்கத் தெரியாமப் போயிடலம்மா. நீ இந்த லைனுக்குக் குடி வந்து மூணு மாசம்தான் ஆவுது, உனக்கு எதுவும் தெரியாது. உக்காரு, நான் இத்தப் பிரிச்சி முடிக்கிற வரிக்கும் சொல்றேன்.

எங்க வாப்பாவுக்குப் பழவேற்காடு. அமானுல்லா பாய்னா சந்தையில தெரியாதவங்க கெடையாது. ஆர்பருலேந்து ஃபாரின் பழந்துணி மூட்ட மூட்டயா எடுத்தாந்து பொன்னேரி, ஆரம்பாக்கம், இங்கன்னு ஒவ்வொரு சந்தையா போட்டு விப்பாரு. ஒரு வாட்டி ஒரு மூட்டையில ஒரு பேண்டு வந்துச்சி. இடுப்பு என்னையும் உன்னையும் சேத்து உள்ள வுடலாம், அத்தினி பெருசு. கனம் ஒரு கோணி கனம். முட்டியில பெயிண்டு. எவன் வாங்குவான் இத்த, மிசினு தொடைக்கக் குடுத்துடுன்னு எங்க ஊட்டுக்காரருகிட்ட தூக்கிப் போட்டுட்டாரு வாப்பா.

அவரு பேரு அர்ஷத்து. இங்கதான், கம்பி உருட்டுற கம்பெனியில ஃபிட்டரு. அவரு எதை எடுத்தாலும் மொதல்ல உள்பக்கம்தான் பாப்பாரு. கடைக்கு சட்டை வாங்கப் போனாக்கூட திருப்பித் திருப்பிப் பாப்பாரு, கடைக்காரன் கேப்பான், இன்னா பாய், உள்பக்கத்த வெளிய போட்டுக்கினு போவப் போறீங்களான்னு. அந்தப் பேண்டையும் அப்டித்தான் திருப்புனாரு. திருப்புனவரு நாஷ்டா துண்ணாம அப்டியே உக்காந்துட்டாரு.

ஜபீனு, இங்க வா, இங்க வான்னு ஒரே கூப்பாடு. நான் பயந்துக்கினு ஓடியாந்தேன். பாத்தா பேண்டு. பாரேன், துணி ஓரமே எங்கியும் தெரியலன்றாரு. நிசந்தான். ரெண்டு துணியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி மாட்டுன மாரி மடிச்சி, மேல மூணு வரி தையலு. உள்ள வெளிய ரெண்டு பக்கமும் ஒரே மாரி. பாக்கெட்டு மூலைக்கு மூலை செம்பு ஆணி. முட்டிக்கு ரெட்டைத் துணி. கால் மடிப்புல சங்கிலி மாரி தையலு. நான் பத்து வருசமா ஜாக்கெட்டும் ஸ்கூல் யூனிஃபாரமும் தைக்கிறவ, நானே இந்த மாரி பாத்ததில்ல.

இது கூலிக்காரன் போடற பேண்டுன்னாரு அவரு. தச்சவனும் கூலிக்காரனாத்தான் இருப்பான். இவன் எங்க கை வுடுவான், எங்க முட்டி போடுவான், எங்க தேயும்னு ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சிருக்கான் பாரு. நமக்கு யாரு ஜபீனு அப்டி யோசிக்கிறாங்க. கம்பெனியில குடுக்கற காக்கிப் பேண்டு ஒரே மாசத்துல அடியில வுட்டுடுது.

அப்பால ஒரே பைத்தியம்தான் போ. ஷிஃப்டு முடிஞ்சி வந்தாருன்னா பிளேட எடுத்துக்கினு மாடிக்குப் போயிடுவாரு. வெளிச்சம் போற வரிக்கும் ஒவ்வொரு தையலாப் பிரிப்பாரு. துணி துண்டு துண்டாக் கழட்டி, பேப்பர்ல வச்சி வரைஞ்சி, எதுக்கு அப்பறம் எதுன்னு நம்பர் போட்டாரு. வாப்பா வண்ணாரப்பேட்டையிலேந்து ஜீன்ஸு துணி கட் பீஸு வாங்கியாந்து குடுத்தாரு. ஆணிக்கு இன்னா பண்றது? கம்பெனி லேத்துல சாப்பாட்டு நேரத்துல செம்புக் கம்பியக் கடைஞ்சி அவரே பண்ணிக்கினாரு. ராஜமாணிக்கம்தான் சூப்பருவைசரு, திட்டிக்கினே இருப்பாரு. கடைசில அவரும் தனக்கு ஆறு ஆணி வாங்கிக்கினாரு.

இல்ல, மொதப் பேண்டு நான் தைக்கல. தோ இந்தக் கால் மிசினுலதான், அவரே தச்சாரு. என்னைத் தொட வுடல. துணி கனம் தாங்காம ஊசி படக் படக்னு ஒடையும். சுத்தியால மடிப்ப அடிச்சி அடிச்சிச் சப்பையாக்கித் தைக்கணும். தையல்லாம் கோணலு, பாம்பு போன தடம் மாரி. முடிச்சிட்டு, பக்ரீத் தொழுகைக்கே இத்தப் போட்டுக்கினுதான் போவேன்னாரு. வாப்பா மொறச்ச மொறப்புல லுங்கிக்கு மாறிக்கினாரு. மறுநாள்லேந்து வேலைக்கு அதான். தெனமும் அதான்.

சிரிக்கிற பாரு. நானும் அப்டித்தான் சிரிச்சேன்.

ஒரு நாளு சாயங்காலம் லுங்கி கட்டிக்கினு வராரு. காலைல போட்டுக்கினு போன பேண்டு கையில சுருட்டி இருக்குது. இன்னாங்கன்னா, ஒரு காலு கீழேந்து மேல தொடை வரிக்கும் பொளந்து கெடக்குது. மிசின்ல சுத்தற ஷாஃப்டுகிட்ட போனேன் ஜபீனு, மடிப்பப் புடிச்சி இழுத்துச்சி, சர்ருனு கிழிஞ்சிடிச்சி, நான் பின்னால வுழுந்தேன்னாரு. கம்பெனியே சிரிச்சிதாம். சொந்தமாத் தச்ச லட்சணத்தப் பாருடான்னு. அவரு கூட வேல செய்ற சாலமோன் பையன்தான் லுங்கி குடுத்து அனுப்பி வச்சிருக்கான்.

மூஞ்சி சுண்டிப் போயி நிக்கிறாரு. நான் இன்னா சொல்லி இருக்கணும்? அடி பட்டுதான்னு கேட்டிருக்கணும். அந்த ஷாஃப்டுக்கு ஏன் மூடி இல்லன்னு கேட்டிருக்கணும். மூடி ஒடஞ்சி போயி ஒரு வருசமாக் கழட்டி வச்சிருந்தாங்க, அது எல்லாருக்கும் தெரியும். நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பேண்ட வாங்கித் தையலப் பாத்தேன். இழுத்தா கிழியிற மாரி தச்சா அதுக்குப் பேரு தையலா? இனிமே நீங்க தொடாதீங்க, நான் தச்சித் தரேன், யானை கட்டி இழுத்தாலும் கிழியாதுன்னேன். அந்தப் பேச்சு என்னுதுதான் அருணா. இன்னிக்கி ஊரே சொல்லுது.

வச்சேன் பாரு அதுல என் வித்தையெல்லாம். பை தைக்கிற நைலான் நூலு வாங்கியாந்தேன். அந்த வெள்ளக்காரன் போட்டது மூணு வரி. நான் நாலு போட்டேன். உள்கால், வெளிக்கால், அடி, எல்லாம் மடிச்சி மாட்டித் தச்சி, முட்டிக்கு ரெட்டைத் துணி. கால் மடிப்ப மட்டும் ரெண்டு வாட்டி ஓட்டுனேன். பதினஞ்சி நாளு. முடிச்சி அவருகிட்ட குடுத்து, ஒரு கால நீங்க புடிங்க, ஒரு கால நான் புடிக்கிறேன்னு ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள இழுத்துப் பாத்தோம். அவரு வழுக்கிக்கினு கீழ வுழுந்தாரு, பேண்டுக்கு ஒண்ணும் ஆவல. சிரிச்சி சிரிச்சி எனக்கு வயிறே புடிச்சிக்கிச்சி.

அப்பால கம்பெனியில அவரு மகாராசா. எல்லாரும் வந்து தொட்டுப் பாப்பாங்களாம். நெனச்ச நேரம் ஊட்டுக்கு ஆளு வரும், அண்ணா எனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு. ராஜமாணிக்கத்துக்குத் தச்சது அப்பதான். இன்னும் நாலஞ்சி பேருக்குத் தச்சேன். அவரு ஆணி அடிப்பாரு, நான் மிசினு மிதிப்பேன். அர்ஷத் பேண்டுன்னுதான் பேரே. அவருக்கு ஒரே சங்கடம், என் பேரு சொல்ல மாட்றாங்களேன்னு. பாக்கெட்டுக்கு உள்பக்கம், யாருக்கும் தெரியாத எடத்துல, ஜ-ன்னு ஒரு எழுத்து தச்சி வையி ஜபீனுன்னாரு. நான் வைக்கல. வெக்கமா இருந்திச்சி.

நாலு மாசம் போட்டாரு.

இந்தப் பக்கம் திரும்பி உக்காரு, வெளிச்சம் மறைக்குது. ஆ, அப்டித்தான்.

காலைல ஷிஃப்டு. இடியாப்பம் துண்ணுட்டுப் போனாரு. பத்து மணி இருக்கும், சாலமோன் வண்டியில வந்து நிக்கிறான். அக்கா, வாங்க அக்கான்றான். அதே ஷாஃப்டு. அதே எடம். கால் மடிப்பத்தான் புடிச்சிது. போன வாட்டி புடிச்ச மாரியேதான் புடிச்சிது.

வோணாம், தண்ணி வோணாம். நீ குடி.

கம்பெனியில வெசாரணைன்னு ஒண்ணு வச்சாங்க. கம்பெனி யூனிஃபாரம் போடாம சொந்தமாத் தச்ச உடுப்பு போட்டுக்கினு வந்தான்னு எழுதிக்கினாங்க. மூடியப் பத்தி ஒரு வரி இல்ல. அடுத்த வாரமே புது மூடி மாட்டிட்டாங்களாம், பச்ச பெயிண்டு அடிச்சி. எங்கள்ல மையத்துக்கு, செத்தவங்களுக்குப் போத்தற துணியில தையலே இருக்கக் கூடாது, தெரியுமா? வெறும் துணி. சுத்தறதுதான். அத்தினி தச்சிப் போட்ட மனுசனுக்குக் கடைசில என் தையலு ஒண்ணு கூட இல்லாமப் போச்சேன்னு அன்னிக்கி அழுதேன். அப்ப எனக்கு எதுவும் தெரியாது.

நாலு மாசம் பத்து நாளு ஊட்ட வுட்டு வெளிய போவாம இத்தா இருந்து முடிச்சப்பறம் சாலமோன் பொண்டாட்டியோட பாக்க வந்தான். பாவம், ஆறுதல் சொல்லத்தான் வந்தான். நாங்க சும்மா இல்லக்கா, மிசின நிறுத்துனோம், ரெண்டு பேரு கத்தி போட்டு அறுத்தோம், அந்தத் தையலு வரவே இல்லக்கா, வேற எவன் பேண்டா இருந்தாலும் மொத இழுப்புலயே கிழிஞ்சிக் கையோட வந்திருக்கும், போன வாட்டி வந்துச்சே அந்த மாரின்னான். அண்ணன் எப்டித்தான் தச்சாரோன்னு வேற சொன்னான். நான் தச்சதுன்னு அவனுக்குத் தெரியாது. அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், அவ அவன் கையப் புடிச்சி அமுக்குனா. டீ போட்டுக் குடுத்து அனுப்பி வச்சேன்.

அன்னிக்கிதான் புரிஞ்சிது எனக்கு. அவரு கோணல் மாணலாத் தச்சாரே மொதப் பேண்டு, ஊரே சிரிச்சிதே, அதான் நல்ல தையலு. அது அவர வுட்டுட்டுக் கிழிஞ்சிது. என்னுது வுடல.

அதான்மா. தோ பாரு, முட்டிக்கு மேல நீ எவ்ளோ வோணா இழு. கீழ மட்டும் ஒத்தத் தையலு, பருத்தி நூலு, மடிப்பு இல்ல. உன் ஊட்டுக்காரரு அன்புராஜ் மிசினு பக்கம் வேல செய்றவரு. எதுனா புடிச்சி இழுத்தா அது கிழியணும். ரோட்டுல நாலு பேரு சிரிச்சா சிரிக்கட்டும். மாசத்துக்கு ஒரு வாட்டி பிரிஞ்சாலும் எடுத்தாந்து குடு, நான் தச்சித் தரேன், காசு வோணாம். அவருக்கு அது புடிக்கலன்னா வேற டைலரப் பாக்கச் சொல்லு, எனக்கு வருத்தம் இல்ல. இல்ல, வருத்தம்தான். என்கிட்டயே தரச் சொல்லு.

அழுவாத கண்ணு, நானே அழுவல. இந்த நூல ஊசியில கோத்துக் குடு, எனக்கு முன்ன மாரி கண்ணு தெரியல.

அவரு போன அன்னிக்கி ஆஸ்பத்திரியில அவரு துணிமணியெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. கத்தரியால துணிய வெட்டி எடுத்திருக்காங்க, தையலத் தாண்டி, ஓரமா வெட்டி. எல்லாரும் என்னச் சுத்தி நின்னு அழுவறாங்க. நான் அந்தப் பேண்ட வெளிய எடுத்தேன். என் கை போயி மொதல்ல தையலத்தான் தடவிப் பாத்துச்சி அருணா. மேலேந்து கீழ வரிக்கும் தடவுனேன். ஒரு நூலு கூட அறுவல. அல்லா மன்னிக்கணும், நல்லாத்தான் தச்சிருக்கேன்னு தோணிச்சி.