சாலெவாய் ஊரார் இன்னும் உட்காராத வாசல்

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர் மன்றத் தலைவர் லேமானா அவர்களே, ஆண்டவர் அருளை எங்கள் ஊருக்கு அள்ளித் தரும் போதகர் ஐயா அவர்களே, அடுத்த ஊர்களிலிருந்து படகிலும் பேருந்திலும் வந்து பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே, விடியும் முன்பே எழுந்து அடுப்புக் கல்லைச் சுடவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வாத்தியத்தோடு வந்திருக்கும் காவல்துறை நண்பர்களே, இன்று நாங்கள் தலைவர் பட்டம் சூட்ட அழைத்துவந்திருக்கும் உதவி ஆணையர் லோசா அம்மையார் அவர்களே. அனைவரின் பாதங்களையும் பார்த்துப் பேசுகிறேன். முகம் பார்த்துப் பேசும் யோக்கியதை இன்று எனக்கு இல்லை.

சாலெவாய் ஊரின் பேச்சுத் தலைவன் நான். புகழ்வது என் தொழில். புகழத்தான் என்னை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். புகழ்கிறேன், பொறுங்கள்.

கடைநிலைக் காவலராக இருந்தபோதே இந்த அம்மையாரை எனக்குத் தெரியும். மாலைச் சங்கு ஊதி, வீடுதோறும் செபம் நடக்கும், தெருவில் யாரும் நடமாடக் கூடாத வேளையில், அரசாங்க ஜீப்பில் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டார். காவல் நின்ற இளவட்டங்கள் கம்பைக் குறுக்கே போட்டார்கள். "போலீஸ் வண்டின்னா சாமிக்கு லீவா? எறங்கு." இறங்கினார். சண்டை போட்டாரா? சட்டம் பேசினாரா? சாலையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, பக்கத்து வீட்டில் பாடிய பாட்டோடு சேர்ந்து பாடினார். இரண்டாம் குரலில் பாடினார். அதிலும் சுருதி தப்பினார். அதோ, அங்கிருந்தே தலையாட்டுகிறார் பாருங்கள், தப்பவில்லை என்று. தப்பினீர்கள் அம்மா, கம்பைப் போட்டவர்களில் ஒருவன் நான்.

அந்தப் பணிவுதான் அவரைப் படிப்படியாக உயர்த்தியது. மீனவர் சண்டையைத் தீர்த்தார், புயல் நாளில் பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாங்கி நின்றார், தோளில் பட்டையேறி, பட்டையில் நட்சத்திரமேறி, தலைநகரில் தனி அறையேறி உட்கார்ந்தார். இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் பந்தலில் கைதட்டல் கேட்கும், பன்றிக்கறியும் ஆறாமல் இருக்கும். ஆனால் அவையோரே, எங்கள் அலெகியைச் சொல்லாமல் இந்த அம்மையாரின் வாழ்வைச் சொல்ல முடியுமா?

அலெகி, லுபே அம்மாளின் ஒரே மகன். கிரிக்கெட் ஆட்டம் முடிந்து குடித்துவிட்டுக் கூச்சல் போட்டான் என்று காவலர்கள் பிடித்துப் போனார்கள். மறுநாள் பிணமாகத் திரும்பி வந்தான். அடித்தவன் யார்? காவலன் எதிமனி. எதிமனி யார்? லோசா அம்மையாரின் கூடப்பிறந்த தம்பி.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். கொன்றவன் குடும்பத்தார் விடியும் முன் வந்து, இறந்தவன் வாசலில் மெல்லிழையில் பின்னிய விலை உயர்ந்த பாயைத் தலையில் போர்த்துக் குனிந்து உட்கார வேண்டும். கல்லெறிந்தாலும் வாங்க வேண்டும். இறந்தவன் வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு.

அம்மையார் புறப்பட்டார். மேலதிகாரிகள் தடுத்தார்கள். "போறதுன்னா வீட்டுத் துணியில போ. உடுப்போட போகாத, டிபார்ட்மென்ட்டுக்கே அசிங்கம்." அவர் சொன்னார்: "உடுப்புலதான அடிச்சான்? உடுப்பே போய் உக்காரட்டும்."

பட்டையும் நட்சத்திரமுமாக வந்தார். லுபே அம்மாளின் வீடு தெரியாத வேற்றூர்க்காரர் எங்கே உட்காருவார்? தலைவர் லேமானா வீட்டு முன்னால் உட்கார்ந்தார். அங்கே நடந்ததைச் சொல்ல நா கூசுகிறது. குனிந்த தலை நிலை கொள்வதற்குள் பாய் தூக்கப்பட்டுவிட்டது. ஏன்? அரசாங்கமே நம் காலடியில் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்ற பூரிப்பு. மன்னிப்பதற்கா தூக்கினோம்? மார்தட்டிக்கொள்ளத் தூக்கினோம். மகனைப் பறிகொடுத்தவளைக் கேட்டோமா? கூப்பிட்டோமா? கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா?

என்ன தலைவரே, எழுந்திருக்கிறீர்கள்? "வயசுக்கு மரியாத குடுத்துப் பேசு" என்கிறீர்கள். கொடுக்கிறேன். ஆனால் அன்று நீங்கள் பேசியதை இந்த அவை கேட்கட்டும். "வாம்மா அதிகாரி, உள்ள வா. எல்லாம் முடிஞ்சுபோச்சு. கோழி வெந்துட்டிருக்கு."

"அலெகியோட அம்மா எங்கங்க ஐயா?"

"அவ எதுக்கும்மா இங்க? ஊருன்னா நாங்கதான். நாங்க தூக்கியாச்சுல்ல, சாப்புடு."

அவர் சாப்பிடவில்லை. பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கள் எல்லார் வாசலையும் கடந்து நடந்தார். ஈரப்பலா மரத்தடியில் இருக்கும் லுபே அம்மாளின் வாசலில், மறுபடி பாயைப் போர்த்து உட்கார்ந்தார். வெயில் ஏறியது. லுபே அம்மாள் வெளியே வரவில்லை. நிழல் சுருங்கி காலடிக்கு வந்தபிறகு வந்தார். பாயைத் தூக்கவில்லை, அவையோரே. பாயின் ஓரத்தை உயர்த்தித் தானும் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டார். அழுகுரல் கேட்டது. எவர் அழுதது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. பிறகுதான் பாய் விலகியது. லுபே அம்மாள் சொன்னார்: "உன்ன எழுப்பிட்டேன். உன் தம்பிய எழுப்பல."

அந்த ஒரு வாக்கியம் நமக்குப் புரிந்ததா? புரியவில்லை. நீதிமன்றம் போனோம். "வழக்கப்படி சமாதானம் ஆயிட்டோம், பையனப் பாத்து விடுங்க" என்று நம் ஊர்ப் பெயரால் சொன்னோம். அங்கே எழுந்து நின்று மறுத்தவர் யார்? தம்பியின் அக்காள். "அந்தப் பாயில என் தம்பி உக்காரலைங்க. அவனுக்காக யாரும் மன்னிக்கல." எதிமனி சிறை போனான். அன்று முதல் சொந்த வீட்டார் செபத்தில்கூட இவர் பெயரைச் சொல்வதில்லை. தம்பியை இழந்தார், தாய்வீட்டை இழந்தார், தலைநிமிர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவரை அழைத்துப் பட்டம் தருகிறோமாம். யார் தருகிறோம்? நாம்.

நேற்று பட்டத்தைச் சொல்லப் போனோம். "லுபேம்மா சம்மதிச்சா வாங்கிக்கிறேன்" என்றார். அதனால் இன்று காலை நான் லுபே அம்மாளிடம் போனேன். கிழங்கு சீவிக்கொண்டிருந்தார், இந்த விருந்துக்குத்தான். விஷயத்தைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"லோசாவுக்கு என்ன வேணா குடுங்க தம்பி. அவ வந்து உக்காந்தா. வேத்தூர்க்காரி வந்து உக்காந்தா. எம்புள்ளய வச்சு நீங்க பெரும தேடிக்கிட்டீங்க, கோர்ட்ல போய் அவன் சாவ வித்தீங்க. எத்தன வருசமாச்சு? கூப்புடு தூரத்துலதான இருக்கேன். ஒருத்தராவது வந்தீங்களா?"

பேசுவதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். கேட்டதை அப்படியே இங்கே சுமந்து வந்தேன். வெட்கம். வெட்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பந்தலுக்குப் பின்னால் நிற்கும் தாய்மார்களே, அழாதீர்கள். நாம் அழுவது அவருக்குப் போதாது.

ஆகவே பட்டம் காத்திருக்கட்டும். விருந்தும் காத்திருக்கட்டும். நம் வீடுகளில் உயர்ந்த பாய்கள் எத்தனையோ இருக்கின்றன, ஒன்றை எடுத்து வாருங்கள். லேமானா தலைவரே, உங்களுக்கு முட்டி வலி என்று தெரியும், என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். லுபே அம்மாள் நம் பாயைத் தூக்காமலே கதவைச் சாத்திக்கொள்ளலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. நாளையும் போய் உட்காருவோம்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கும், கோபத்தை அடக்கிக்கொண்ட தலைவருக்கும், நமக்கு முன்னால் அந்த வாசலில் உட்கார்ந்து வழி காட்டிய லோசா அம்மையாருக்கும் என் நன்றி. வணக்கத்தை இங்கே சொல்லப்போவதில்லை. அதை முதலில் லுபே அம்மாளின் வாசலில், குனிந்துதான் சொல்ல வேண்டும். எழுந்திருங்கள், போவோம்.